நங்காவா, ஸ்விகிரோவா? ஷோனா மக்கள் எதற்கு யாரிடம் போகிறார்கள்

ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களிடம் உள்ள நங்கா, ஸ்விகிரோ என்ற இருவரையும் வெளியார் 'மந்திரவாதி' என்று ஒரே பெயரில் அடைத்துவிடுகிறார்கள். பெரிய அநியாயம் அது.

நங்கா வைத்தியர், குறியும் பார்ப்பவர். தீராத வயிற்றுவலி, தங்காத கரு என வீட்டுத் துயரங்கள் அவரிடம் வரும். அவர் ஹகாட்டாவை வீசுவார்: மரத்திலோ எலும்பிலோ செதுக்கிய நான்கு துண்டுகள். ஒவ்வொன்றும் குறியுள்ள பக்கமோ வெறும் பக்கமோ மேலே தெரிய விழும். ஆக 16 அமைப்புகள். எந்த மூதாதைக்கு மனத்தாங்கல், யார் சூனியம் வைத்தார் என்பதை அதில் படிப்பார். வேரும் பட்டையும் அதற்குப் பிறகுதான்.

ஸ்விகிரோவின் கவலை ஊர் முழுவதற்குமானது: மழை, நிலம், தலைவர் பதவி. மொண்டோரோ எனும் பழந்தலைவர்களின் ஆவி அவர்மேல் இறங்கிப் பேசும். நெஹாண்டா என்ற அத்தகைய ஆவி இறங்கிய சார்வே என்ற பெண்ணை, தங்களுக்கு எதிரான 1896-97 எழுச்சிக்குப் பின், 1898இல் ஆங்கிலேயர் தூக்கிலிட்டார்கள்.

செல்வம் தரும் சிக்வாம்போ எனும் ஏவல் பேய்க்கு ஆசைப்படுபவர் ஸ்விகிரோவைத் தேடுவதில்லை. பேராசை பிடித்த சில நங்காக்களைத்தான் தேடுகிறார். முதலில் பணம் கொட்டும், பிறகு அது குடும்பத்தின் இரத்தத்தைக் கேட்கும் என்பது நம்பிக்கை. இந்தச் சிலரால் நேர்மையான மூலிகை வைத்தியர்களும் கெட்ட பெயர் சுமப்பது எனக்கு வேதனை தருகிறது. 1899இன் காலனியச் சூனியத் தடுப்புச் சட்டமும் அவர்களைச் சந்தேகத்தோடே பார்க்க வைத்தது. விடுதலைக்குப் பின், 1981இல்தான் மரபு வைத்தியர்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது.