குறைந்த உதைப்புத் தோட்டாவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு முழு வேகத் தோட்டாவைக் கொடுத்தார்கள்

நியூசிலாந்துக்கு மான் வேட்டைப் பயணம் ஏற்பாடு செய்து தரும் சிங்கப்பூர் முகவர்களிடம் முன்பணம் கட்டவிருப்பவர்கள், எங்களுக்கு நேர்ந்ததைப் படித்துவிட்டு முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் மனைவிக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்திருந்ததால், துப்பாக்கியின் பின்னுதைப்பு குறைவாக இருக்க வேண்டும் என்று முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவித்திருந்தோம். அதற்கெனக் கையால் நிரப்பிய தோட்டாக்கள் (தொழிற்சாலையில் அல்லாமல், பித்தளை உறைக்குள் வெடிமருந்தை அளந்து போட்டு, மேலே குண்டைப் பொருத்தித் தனியாள் தயாரிப்பவை) தயாராக இருக்கும் என்று உறுதியளித்த முகவர், அவற்றுக்குத் தனிக் கட்டணமும் வாங்கினார்; ரசீதில் அது தெளிவாக இருக்கிறது.

அங்கே வழிகாட்டி நீட்டிய பிளாஸ்டிக் பெட்டியின் ஒட்டுத்தாளில் .308 என்று தோட்டாவின் வகை மட்டும் பேனாவால் கிறுக்கியிருந்தது. குண்டின் எடை, வெடிமருந்தின் பெயர், அதன் அளவு, நிரப்பிய தேதி என எதுவுமே இல்லை. கையால் நிரப்பிய தோட்டாவின் பித்தளை உறைக்குள் என்ன இருக்கிறது என்பதை வெளியே இருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது என்பதால், அந்தக் குறிப்புதான் சுடுபவருக்கு உள்ள ஒரே பாதுகாப்பு. முதல் முறை சுட்டதுமே துப்பாக்கி பின்னுக்குப் பாய்ந்து, அதன் மேலிருந்த ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) விளிம்பு மனைவியின் புருவத்தைப் பிறை வடிவில் கிழித்துவிட்டது. தோள்வலி இன்னும் தீரவில்லை.

தேசிய சேவையில் சுட்ட, உதைப்பு குறைந்த 5.56 மி.மீ. தோட்டாவை மனத்தில் வைத்து இதை எடைபோட வேண்டாம். சுமார் 3 கிலோ எடையுள்ள வேட்டைத் துப்பாக்கியில் 150 கிரெய்ன் (சுமார் 9.7 கிராம்) குண்டை முழு வேகத்தில் சுட்டால் உதைப்பின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டும். எடை குறைந்த குண்டும் அதற்கேற்ற மருந்தும் கொண்டு முறையாக நிரப்பினால் அது ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

வழிகாட்டி முதலில், "மருந்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் போட்டேன்" என்றார். பிறகு, தன் வழக்கமான மான் வேட்டைத் தோட்டாப் பெட்டி மாறி வந்திருக்கலாம் என்றார். எனக்கு அதிக அச்சம் தந்தது முதல் பதில்தான். மெதுவாக எரியும் மருந்தைக் கண்டபடி குறைத்தால் அது சீராகப் பற்றாது, சில வேளைகளில் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறவும் கூடும். விசை போதாமல் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு, அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடித்துவிடக்கூடும். உறை பாதிக்குமேல் காலியாக இருந்தால், இருமடங்கு மருந்து விழுந்தாலும் கண்ணில் படாது. ஆகவேதான் குறைந்த உதைப்புக்கு எந்த மருந்தை எவ்வளவு போடலாம் என்று வெடிமருந்து தயாரிப்பாளர் வெளியிட்ட அட்டவணையை விட்டு விலகக் கூடாது.

சிங்கப்பூரில் உரிமமின்றித் தோட்டா வைத்திருந்தால் சிறையும் பிரம்படியும் உண்டு. நாமே நிரப்பிப் பார்க்கவோ சோதிக்கவோ வழியில்லாததால், விற்பவரின் சொல்லையே முழுக்க நம்ப வேண்டியிருக்கிறது. பணம் கட்டுமுன் நிரப்புக் குறிப்பின் படத்தைக் கேளுங்கள். தயங்கினால், தொழிற்சாலையில் தயாரான குறைந்த உதைப்புத் தோட்டாவை வாங்கித் தருமாறு எழுத்தில் கேளுங்கள்.

தவறு வழிகாட்டியுடையது என்று முகவர் கைகழுவுகிறார். பணத்தை வாங்கியதும் வாக்குக் கொடுத்ததும் அவரே. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யலாம்; ரசீது, பெட்டியின் படம், மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றுடன் நாங்கள் தாக்கல் செய்திருக்கிறோம்.