பிரதேச சபையில வீட்டு பிளான் பாஸ் எடுக்குறது – நுவரெலியா மாவட்ட அனுபவம்

எந்த சபைன்னு பேரு போடல, ஏன்னா அங்க வேலை பாக்குறவங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அண்ணன் வீடு கட்ட பிளான் பாஸ் எடுக்க நானும் கூடவே அலைஞ்சேன். கவுண்டர்ல இருந்த மிஸ் தமிழ்லயே ஃபோர்ம ஒவ்வொரு வரியா விளங்கப்படுத்தி, காணி உறுதி, சேர்வே பிளான், வீதிக்கோட்டு சான்றிதழ் இதுல எது குறையுதுன்னு அங்கயே சொல்லிட்டாங்க, அதுக்கு 5க்கு 5. அதுக்குப் பிறகு ஃபைல் நகர்ற வேகத்துக்கு 2தான் குடுக்க முடியும்.

காரணம் நேராவே தெரியுது. ரோட்டுக்கு எஸ்டிமேட் போடுறது, கான் (வடிகால்) வேலை பாக்குறது, பிளானுக்கு சைட் பாக்க வாறது எல்லாத்துக்கும் ஒரே டிஓ (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) ஐயாதான், அவர் வந்து பாத்தாத்தான் ஃபைல் திட்டமிடல் குழுவுக்குப் போகும், மழை காலத்துல எங்கயாவது மண்மேடு சரிஞ்சா அவர் அங்க ஓடணும், நம்ம ஃபைல் அப்படியே கிடக்கும்.

சட்டம் மட்டும் வேகமா மாறுது. 2018 எலெக்‌ஷனோட நுவரெலியா, அம்பகமுவன்னு இருந்த ரெண்டு சபை ஆறாச்சு, மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனைன்னு புதுசா வந்துச்சு. அதே வருஷம்தான் பிரதேச சபை சட்டத்துல 33ஆம் பிரிவையும் திருத்தினாங்க, அதுக்கு முந்தி சபைக் காசுல தோட்டத்துக்குள்ள ஒரு வேலை செய்யுறதே பெரும்பாடு. ரெண்டும் நம்ம சனம் கேட்டு வாங்கினது, ரெண்டும் தேவை. 2021ல யுடிஏ (நகர அபிவிருத்தி அதிகார சபை) பழைய 1986 விதிகள எடுத்துட்டு புது திட்டமிடல், கட்டட விதிகள் கொண்டு வந்துச்சு. பத்தரமுல்லையில இருக்குற யுடிஏல இருந்து வர்ற கெசட்ட வாசிச்சு இந்த மலைச்சரிவுக்கு எப்படி பொருத்துறதுன்னு யோசிக்க எங்க சபையில தனியா ஒரு ஆள் இல்ல. எந்தப் பக்கம் வீடு வரலாம், எந்தச் சரிவ தொடக்கூடாதுன்னு முன்கூட்டியே வரைஞ்சு வைக்க வேண்டிய வேலை அப்படியே நிக்குது, வர்ற ஃபைல பாஸ் பண்றதோட நாள் போயிடுது.

மண்சரிவு ஆபத்த பாத்து என்பிஆர்ஓ (தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்) குடுக்குற கடிதத்த நிறைய பேர் வீண் அலைச்சல்னு திட்டுறாங்க. 2011ல இருந்து மண்சரிவு ஆபத்து உள்ள மாவட்டங்கள்ல அது கட்டாயம். நான் அத வேணாம்னு சொல்லவே மாட்டேன், 2014 ஒக்டோபர் 29 பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில மண்சரிவு வந்து லயத்தோட மண்ணுக்குள்ள போன சனத்த நினைச்சா யாருக்கு அப்படி சொல்ல மனசு வரும். எங்க இடத்துக்கு வந்தவர் பின்பக்கம் மண் வெட்டின உயரத்த பாத்துட்டு, இதுக்கு மேல வெட்டாதீங்க, மேல இருந்து வர்ற தண்ணிக்கு முதல்ல கான் கட்டுங்க, வீட்ட முன்னுக்கு தள்ளி போடுங்கன்னு பொறுமையா சொல்லிட்டுப் போனார். இந்த மாதிரி ஆள் சபைக்குள்ளயே இருக்கணும்.

தோட்டத்து ஆளுங்க பாடு இன்னும் மோசம், உறுதி கையில இல்லாம பிளான் குடுக்கவே ஏலாது, அரசாங்கம் 7 பேர்ச் தாறோம்னு சொன்ன காணிக்கும் தோட்டக் கம்பனி சம்மதம், அளவை எல்லாம் முடியணும்.

2023 மார்ச்சுல இருந்து 2025 மே எலெக்‌ஷன் வரைக்கும் சபையில உறுப்பினரே இல்ல, இப்ப இருக்காங்க. உங்க வட்டார மெம்பர கண்டா ரோடு கேக்குறதோட திட்டமிடலுக்குன்னு ஒரு உத்தியோகத்தர் பதவியும் கேளுங்க.

வீடு கட்டப் போறவங்க பிளான் கீறுறதுக்கு முந்தியே என்பிஆர்ஓவுக்கு விண்ணப்பம் போடுங்க, கீறின பிறகு வீட்ட தள்ளி போடச் சொன்னா மறுபடி கீறுற செலவும் உங்க தலையிலதான்.