ஆஸ்பத்திரி பெயரில் வசூல்: "ஒரு தடவைதான்" என்றார்கள், மாதாமாதம் போகிறது

ஆண்டுக் கடைசி விடுமுறை வந்தாலே, உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டுகிறோம் என்று கடைவாசலிலும் வீட்டுவாசலிலும் ஆட்கள் நிற்பார்கள். பெரும்பாலும் நல்ல காரியம்தான். ஆனாலும் என் பணம் போன கதையைப் படித்துவிட்டு அப்புறம் கொடுங்கள்.

வந்தவர்கள் இருவர். கழுத்தில் அடையாள அட்டை, ஆஸ்பத்திரிச் சின்னம் போட்ட சட்டை, கையில் டேப்லெட். குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கு இன்குபேட்டர் வாங்கப் போவதாகச் சொன்னார்கள். ரொக்கம் வாங்கமாட்டோம், கார்டு மட்டும்தான் என்றதும் நம்பிக்கை இன்னும் கூடியது. "ஒரு தடவைதான் சார், அதோடு முடிஞ்சுது" என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

அடுத்த மாதம் அதே தொகை மறுபடி பிடிக்கப்பட்டது. அதற்கடுத்த மாதமும் போனது. வங்கிக் கணக்கு விவரத்தில் ஆஸ்பத்திரியின் பெயரே இல்லை, நான் கேள்விப்படாத ஏதோ ஒரு கம்பெனி. மின்னஞ்சலில் வந்திருந்த படிவத்தைத் திறந்தால், கையெழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் 'மாதாந்தர ஆதரவாளர்' என்று ஒரு கட்டம், அதில் டிக் ஏற்கெனவே போட்டிருந்தது. டேப்லெட்டில் கையெழுத்துக்கு நீட்டிய திரையில் அந்த வரி கண்ணில் படவே இல்லை.

சரி, யாரோ போலி ஆசாமிகள் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். "அவங்க எங்க சார்பா வர்றவங்கதான்" என்று பதில் வந்தது! வசூல் வேலையையே ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கிறார்கள். மாத நன்கொடைக்கு ஆள் சேர்த்தால் தலைக்கு இவ்வளவு என்று அந்தக் கம்பெனிக்குக் கட்டணம். முதல் பல மாதங்களின் பணம் அதற்கே சரியாகிவிடும் என்று அங்கிருந்த அலுவலர் இழுத்து இழுத்துச் சொன்னார். இன்குபேட்டருக்கென்று தனிக் கணக்கு எதுவும் கிடையாதாம், எல்லாம் பொது நிதியில் சேருமாம்.

இது புதிய வித்தையும் இல்லை. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஒரு அமைப்புக்காகத் தொலைபேசியில் வசூலித்த கம்பெனிகள், வந்த பணத்தில் 85 சதவீதத்தைத் தாங்களே வைத்துக்கொண்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதிகமாகக் கட்டணம் எடுப்பது மட்டுமே மோசடி ஆகாது, பணம் எங்கே போகிறது என்று கொடுப்பவரை ஏமாற்றினால் மோசடி வழக்குப் போடலாம் என்று 2003-இல் தீர்ப்பு வந்தது. என் விஷயத்தில் எனக்கு வயிற்றெரிச்சல் கமிஷன்மேல் அல்ல, அந்த "ஒரு தடவைதான்" மேல்.

அப்பட்டமான போலிகள் வேறு ரகம். உண்டியலில் இருக்கும் கியூஆர் கோடின்மேல் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்கள். பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் பார்த்தாலே அதில் பாதி பிடிபட்டுவிடும். ஒப்பந்த வசூல் அப்படிச் சிக்காது. "இவர்கள் நிஜமா?" என்று விசாரித்தால் நிஜம் என்றுதான் பதில் வரும். அதனால் வேறு மாதிரி கேளுங்கள்: நீங்கள் தன்னார்வலரா, சம்பளத்துக்கு வருகிறீர்களா? நான் கொடுப்பதில் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு போகும்? ரசீது யார் பெயரில் வரும்? மழுப்பினால், வீட்டுக்குள் வந்துவிடுங்கள். கொடுக்க மனமிருந்தால் ஆஸ்பத்திரி அலுவலகத்திலேயே நேரில் கட்டி, எந்தப் பிரிவுக்கு என்று ரசீதில் எழுதி வாங்கலாம். நடுவில் யாருக்கும் பங்கு போகாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், நன்கொடை திருப்பித் தரப்படாது என்று அந்தக் கம்பெனி ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் புகார் எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. உங்களுக்கும் இப்படிப் பிடித்தம் ஆகிக்கொண்டிருந்தால், கம்பெனியிடம் சொன்னதோடு விடாதீர்கள். வங்கிக்குப் போய் அந்த ஆட்டோ டெபிட்டையே ரத்து செய்யச் சொல்லி, எழுத்தில் உறுதி வாங்குங்கள். "நிறுத்திவிட்டோம்" என்று அவர்கள் மின்னஞ்சல் அனுப்பிய பிறகும் என் கணக்கிலிருந்து பணம் போனது.