மாஸ்டடானும் புளூஸ்கையும்: அரசியல் விவாதத்துக்கு எது தோது?

மாஸ்டடானும் புளூஸ்கையும் ட்விட்டரைப் போலச் சிறு பதிவுகள் இடும் சமூக வலைத்தளங்கள். 2016இல் தொடங்கிய மாஸ்டடான், தனித்தனியே நடத்தப்பட்டாலும் ஒன்றோடொன்று இணைந்த பல சர்வர்களால் ஆனது. ஒவ்வொரு சர்வரும் தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்வதால், 2019இல் மாஸ்டடானின் மென்பொருளுக்கு மாறிய தீவிர வலதுசாரித் தளமான கேப்பை (Gab) பல சர்வர்கள் உடனே துண்டிக்க முடிந்தது. பிறர் பதிவை மேற்கோள் காட்டி எள்ளும் வழக்கத்துக்கு அஞ்சி, அந்த வசதியையே மாஸ்டடான் 2025 வரை தள்ளிப்போட்டது. முகப்பில் பதிவுகள் நேர வரிசையிலேயே வருவதால் சினமூட்டும் பதிவுக்கு அங்கே தனிச் சலுகையும் இல்லை.

2024 பிப்ரவரியில் அனைவருக்கும் திறக்கப்பட்ட புளூஸ்கையோ முடிவைப் பயனரிடமே விடுகிறது: தனக்கு வரும் பதிவுகளின் வரிசையை (ஃபீட்) தேர்ந்தெடுக்கலாம், பிறர் மேற்கோளிலிருந்து தன் பதிவை விடுவித்துக்கொள்ளலாம், யாரோ தொகுத்த பட்டியலைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரை ஒரே சொடுக்கில் தடுக்கலாம். வசைபாடுவோரிடமிருந்து தப்ப இது உதவும். ஆனால் நாகரிகமாக மறுப்பவரும் அப்பட்டியலில் சிக்கிக்கொள்வதால், எதிர்த்தரப்போடு வாதிட விரும்புவோருக்கு ஆள் கிடைப்பது அரிதாகிறது. நிதானமான உரையாடலுக்கு நான் மாஸ்டடானையே தேர்வேன், அங்கே கூட்டம் குறைவு என்றாலும்.