சாஃப்ட்வேர் செய்து தருகிறோம் என்று வந்தவர்களிடம் ரூ.1,80,000 போச்சு, உஷார்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ரெடிமேட் மொத்த வியாபாரம் செய்கிறேன். கடைக்கென்று தனியாக பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் செய்து தருவதாகச் சொல்லி, கிண்டிப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன கம்பெனி ரூ.1,80,000 வாங்கிக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாத ஒன்றைத் தலையில் கட்டிவிட்டது. இன்று காலை அவர்கள் அனுப்பிய பதிலைப் பார்த்த ஆத்திரத்தில் எழுதுகிறேன்.

நம்ப வைத்தது அவர்கள் அனுப்பிய பையன். கல்லா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் சொன்னதை எல்லாம் நோட்டில் எழுதினான். சரக்கு பல சைஸ் சேர்ந்த செட்டாக வரும். சில கடைகளுக்கு செட்டை உடைத்து எல், எக்ஸ்எல் மட்டும் கொடுப்போம். ஏஜென்ட் கமிஷன் பார்ட்டிக்குப் பார்ட்டி மாறும். ரிட்டர்ன் சரக்கு எந்த பில்லில் போனதோ அதில்தான் கழிய வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பீஸ் ரூ.2,500 வரை 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதைத் தாண்டினால் 18. பில்லில் தள்ளுபடி போக நிற்கும் விலையை வைத்து அது மாறும். எல்லாவற்றையும் திருப்பிப் படித்துக் காட்டினான். "அக்கா, இதை டாக்குமெண்ட்டா போட்டு அனுப்புவோம். நீங்க ஓகே சொல்லாம ஒரு வரி கோடிங்கூட எழுத மாட்டோம்" என்றான். யார் இவ்வளவு பொறுமையாகக் கேட்பார்கள்? அன்றைக்கே பணம் அனுப்பினேன்.

வந்த டாக்குமெண்ட் முழுக்க ஆங்கிலம். மகளைப் படிக்கச் சொன்னால், நடுவில் டேபிள் நம்பர், கிச்சன் ஆர்டர் என்று வருகிறது! ஏதோ ஓட்டலுக்கு எழுதியதில் எங்கள் கடைப் பெயரைப் போட்டிருக்கிறார்கள். செட் உடைப்பது பற்றி ஒரு வரி இல்லை. போன் செய்தால், "அது டெம்ப்ளேட் மேடம், ஃபைனல்ல எடுத்துடுவோம்."

சாஃப்ட்வேர் வந்தது. செட்டை உடைத்து பில் போட முடியவில்லை, ரிட்டர்ன் போட்டால் ஸ்டாக் ஏறவில்லை. கேட்டால், "அது ஸ்கோப்ல இல்ல, தனி சார்ஜ்." எழுதிக்கொண்டு போன பையன் எங்கே? "அவர் வேலைய விட்டுப் போயிட்டாரே." அந்த நோட்டு? "எங்ககிட்ட இல்ல." அப்புறம் போனை எடுப்பதே நின்றது. இன்று வந்த பதில் என்ன தெரியுமா? டாக்குமெண்ட்டை நான் ஒப்புக்கொண்டேனாம். பிடிஎஃப் வந்ததா என்று வாட்ஸ்அப்பில் கேட்டார்கள், "வந்தது" என்று போட்டேன். அதுதான் ஒப்புதலாம்! ரூ.1,80,000க்கு ஜிஎஸ்டி பில்கூட இதுவரை தரவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் கோர்வையாக வரவில்லை. இது மட்டும்: உங்கள் கடை நடைமுறை உங்களுக்குப் புரியும் தமிழில் எழுதி வராத வரை காசு கொடுக்காதீர்கள். சிக்கலான பழைய பில்கள் சிலவற்றைக் கொடுத்து, இவை அப்படியே வந்தால்தான் வேலை முடிந்தது என்று எழுதி வாங்குங்கள். அவர்கள் எழுதும் நோட்டை அங்கேயே போட்டோ எடுங்கள். பணம் தவணையாக மட்டும். பிடிஎஃப் வந்ததா என்று கேட்டால், "வந்தது, இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை" என்று போடுங்கள்.

நோட்டீஸ் அனுப்ப பாரிமுனையில் வக்கீலைப் பார்க்கக் கிளம்புகிறேன். ரூ.1,80,000ஐ விடப் போவதில்லை.