கண்ணாடியில் ஊரும் புள்ளி: கோப்பிபாடா, ஆம்பிபாடா?

உப்புநீர்த் தொட்டி அமைத்த மூன்றாவது வாரம், இரவில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி முழுக்க ரவையைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொன்றும் வெட்டி வெட்டி நகர்ந்தது. மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்தான் என்று பதறினேன். அந்த நோய் மீனின் உடம்பில் அல்லவா தெரியும்!

வந்திருந்தவை கோப்பிபாட்கள்: இறால், நண்டு வகையைச் சேர்ந்த குட்டி உயிர்கள். பெரும்பாலும் 1 அல்லது 2 மில்லிமீட்டர்தான். முன்பக்கம் பருத்து, வால்பக்கம் சிறுத்த உடல். உருப்பெருக்கியில் பார்த்தால் நெற்றியில் ஒற்றைக் கண். பெண்ணாக இருந்தால் வாலருகே முட்டைப்பை தொங்கும். கண்ணாடியில் படியும் பாசியை மேயும். மாண்டரின் என்ற சிறு வண்ணக் கடல்மீனுக்கு இதுதான் முக்கிய உணவு. கோப்பிபாட் பெருகும் முன்னே அந்த மீனை வாங்குவது அதைப் பட்டினி போடுவதுதான்.

அதே வகையைச் சேர்ந்த ஆம்பிபாட் இன்னும் பெரியது, 1 சென்டிமீட்டரைக்கூடத் தொடும். இருபுறமும் நசுக்கியதுபோல் ஒடுங்கி, முதுகு வளைந்த குட்டி இறால் மாதிரி இருக்கும். கண்ணாடிக்கு அதிகம் வராது. பாறையைத் தூக்கினால் துள்ளி ஓடும். மிச்ச உணவைத் தின்று தீர்க்கும். பவளத்தைத் தின்கிறது என்ற புகார் பெரும்பாலும் மிகை: செத்த சதையில் மொய்த்ததற்குக் கொலைப்பழி.

இரண்டையும் விட்டுவிடலாம். ஆனால் மேலிருந்து அழுத்தியதுபோல் தட்டையாக, பெரிய கண்களோடு மீனின் மேல் ஒட்டியிருந்தால் அது ஐசோபாட் என்ற ஒட்டுண்ணி. அதை மட்டும் உடனே பிடித்து வெளியேற்றுங்கள்.