கிண்டில் பேப்பர்ஒயிட்: தனி அறை இல்லாத மனைவியின் இரவு வாசிப்புக்கு

இல்லறத்தில் நிம்மதி இல்லாத ஒரு பெண், வீடு அடங்கிய பிறகு பேய்க்கதைகளும் பழிவாங்கும் கதைகளும் படிக்க விரும்பினால், அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியான கிண்டில் பேப்பர்ஒயிட் அவளுக்கு எந்த அளவுக்கு உதவும் என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன். அந்தப் பெண் நான்தான். வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு கூடமும் ஓர் அறையும் கொண்ட வீட்டில், பேசினால் சண்டை, பேசாவிட்டால் நாள்கணக்கில் மௌனம் என்று ஓடும் குடும்பத்தில், எனக்கென்று மிஞ்சுவது எல்லோரும் உறங்கிய பின் கிடைக்கும் நேரம்தான்.

முன்பெல்லாம் பழைய பேருந்து நிலையத்தில் மாத நாவல்கள் வாங்கி வருவேன்; அவற்றின் அட்டைப்படமே மாமியாரின் வாய்க்கு அவலாகிவிடும். செல்பேசியில் படித்தாலோ, அந்த வெளிச்சத்தில் கணவர் விழித்துக்கொண்டு, இந்த நேரத்தில் யாரோடு பேச்சு என்று கேட்பார். பேப்பர்ஒயிட்டின் விளக்குகள் செல்பேசியைப் போலத் திரைக்குப் பின்னாலிருந்து கண்ணில் அடிப்பதில்லை. ஓரத்திலிருந்து எழுத்துகளின் மேல் ஒளியைப் பரப்புகின்றன. கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்று மாற்றி, ஒளியையும் குறைத்துக்கொண்டால், பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தொந்தரவே இல்லை. 6.8 அங்குலத் திரை கொண்ட என்னுடைய கருவியின் எடை 205 கிராம். ஒருக்களித்துப் படுத்து ஒரு கையிலேயே பிடித்துக்கொள்ளலாம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பதால் தமிழ் எழுத்தின் கொம்பும் சுழியும் சிதையாமல் தெரிகின்றன.

என் போன்றவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது கருவியின் அமைப்புகளைத்தான். படித்துக்கொண்டிருக்கும் நூலின் அட்டையைப் பூட்டிய திரையில் காட்டும் வசதி ஒன்று இதில் உண்டு. அதை அணைத்துவிட்டுக் கடவுச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமானது, கருவியை உங்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்கிய கணக்கில் பதிவு செய்வது. கணவரின் கணக்கில் பதிவு செய்தால், நீங்கள் வாங்கும் ஒவ்வொரு நூலும் அவருடைய பட்டியலில் வந்து நிற்கும். ஒரு பெண் எதைப் படிக்கிறாள் என்பது அவள் விரும்பிச் சொன்னால் ஒழிய யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்பதில் எனக்குச் சிறிதும் தயக்கம் இல்லை.

கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016 முதல் கிடைக்கின்றன. மாதச் சந்தாவான கிண்டில் அன்லிமிடெடில் ஒரே சமயத்தில் 20 நூல்கள் வரை எடுத்து வைத்துக்கொள்ளலாம். எழுத்தாளர்கள் தாங்களே பதிவேற்றும் நூல்கள் ஏராளம் என்பதால் சந்திப்பிழைகளும், பாதியில் நின்று அடுத்த பாகத்துக்கு இழுக்கும் கதைகளும் உண்டு. மாதிரிப் பக்கங்களைப் படித்துவிட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது. இருண்ட கதைகள் என்று தேடினால் முதலில் வந்து குவிவது 'ஆன்டி ஹீரோ' நாவல்கள். நாயகன் மனைவியை அறையில் பூட்டுவான், செல்பேசியைப் பிடுங்குவான், கடைசியில் அதுவே காதல் என்றாகிவிடும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வன்முறையாகப் பார்க்கும் நடத்தைகளை இரவில் காதலாகப் படித்துவிட்டுக் காலையில் அதே வீட்டில் அடுப்பு மூட்டுவது என்னால் முடியவில்லை. அதில் இன்பம் காணும் தோழிகளை நான் குறை சொல்லமாட்டேன். கற்பனையில் கடிவாளம் அவர்கள் கையில்தானே இருக்கிறது.

எனக்குப் பிடித்தவை, வஞ்சிக்கப்பட்டவள் பேயாகத் திரும்பி வரும் கதைகள். அரக்கோணத்தை அடுத்த பழையனூரின் நீலி கதை நம் பக்கத்தில் பிறந்ததுதான்: கணவனால் கொல்லப்பட்டவள் மறுபிறவியில் அவனைத் தேடிவந்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊர்ப் பெரியவர்கள் 70 பேரையும் நம்பவைத்துப் பழி தீர்க்கிறாள். அந்த வழியில் இன்று எழுதப்படும் கதைகளைப் படிக்கும்போது, பகலெல்லாம் விழுங்கிய கோபம் யாருக்கும் கெடுதல் இல்லாமல் வெளியேறுகிறது. அதன் பிறகு எனக்கு உறக்கமும் வருகிறது.

கதை மட்டுமே படிப்பவர்களுக்கு 8 ஜிபி சேமிப்பிடம் தாராளம். புகைப்படங்களும் வரைபடங்களும் நிறைந்த நூல்களுக்கு இதன் கருப்பு வெள்ளைத் திரை ஏற்றதல்ல. நாவல் படிப்பவர்கள், சேமிப்பில் இருந்தோ சீட்டுப் பணத்தில் இருந்தோ, தங்கள் பணத்தில் தங்கள் பெயரிலேயே வாங்கிக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறேன்.